முதுகுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சு

பதினைந்தாவது பல்லை மெழுகில் பதித்த பிறகுதான் பெரிய மாப்பிள்ளைக்கு ஏதோ உறைத்தது.

ஒரு தாடைக்குப் பதினான்கு பல்தான் வைப்பது வழக்கம். இருபத்திரண்டு வருஷமாகப் பல் செட் செய்கிறவர் அவர். எண்ணாமலே கை தானாக நின்றுவிடும். இன்றைக்கு நிற்கவில்லை. காரணம், மேஜையில் பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்திருந்த செல்போன்.

செல்போனில் அவருடைய சகலை அன்று காலை ஓடிய ஓட்டம் சிவப்புக் கோடாகத் தெரிந்தது. பதினெட்டு கிலோமீட்டர். இரண்டு மணி முப்பத்தைந்து நிமிஷம். அதற்குக் கீழே சகலையே ஒரு வரி எழுதியிருந்தான்: ‘சும்மா கால் நீட்ட.’

"சும்மாவாம்!" என்றார் வாய்விட்டு.

பக்கத்து மேஜையில் பாலிஷ் போடுகிறவர் மோட்டாரை நிறுத்தினார். "யாரைச் சொல்றீங்க?"

"பதினெட்டு கிலோமீட்டர் ஓடிட்டு சும்மாங்கறான். சும்மா ஓடறவன் எதுக்கு ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டணும்?"

பாலிஷ்காரர் எட்டிப் பார்த்தார். செல்போனை அல்ல, தாடையை. "இதென்ன, முதலைக்கா செட் பண்றீங்க?"

மாமியாருக்கு இரண்டே பெண்கள். அதனால் வீட்டில் இவர் பெரிய மாப்பிள்ளை. இளையவளைக் கட்டி, மெத்தைக் கடை நடத்திக்கொண்டிருக்கும் சகலை, சின்ன மாப்பிள்ளை. ‘பெரிய’ என்பது வயதுக்காகக் கிடைத்ததே தவிர மரியாதைக்காகக் கிடைத்ததில்லை என்பது இவருடைய நெடுநாள் மனத்தாங்கல்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. சகலைக்கு ஓடக் கற்றுக்கொடுத்ததே இவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி வந்து சொன்னாள்: "தங்கச்சி ஒரே புலம்பல். கடையில மெத்தை மேலயே உக்காந்து உக்காந்து அவ வீட்டுக்காரர் மெத்தை மாதிரியே ஆயிட்டாராம். காலையில உங்களோட கூட்டிட்டுப் போங்களேன், புண்ணியமாப் போகும்."

கூட்டிக்கொண்டு போனார். முதல் நாள் மூன்றாவது விளக்குக் கம்பத்திலேயே சகலை குனிந்து வாந்தி எடுத்தான். பெரிய மாப்பிள்ளை அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். யோசித்துப் பார்த்தால் அவர் வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான காலைப்பொழுது வேறு இருந்ததாக ஞாபகம் இல்லை.

போன வருஷம் மலை ஓட்டப் போட்டி. முப்பது கிலோமீட்டர். காடு, பாறை, ஓடை, மறுபடியும் காடு. பெரிய மாப்பிள்ளை ஐந்து மணி ஐம்பத்தொரு நிமிஷத்தில் முடித்தார். அந்தப் போட்டியில் ஆறு வருஷமாக ஓடுகிறார், அதுதான் அவருடைய சாதனை. கையைத் தூக்கிக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டினால், அங்கே சகலை நின்றுகொண்டிருந்தான். ஐந்து நாற்பத்து மூன்று. முதல் தடவை ஓடுகிறவன்!

"வாங்கண்ணா, பிரமாதமா ஓடினீங்க" என்று ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினான்.

அந்த வாழைப்பழம் ஒரு வருஷமாகத் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

இந்த வருஷப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

முதலில் அவர் சகலையின் ஷூவில் சந்தேகப்பட்டார். நீல நிற ஷூ, அடியில் முள்முள்ளாக ரப்பர். வித்தை அதில்தான் இருக்க வேண்டும். கடை கடையாக அலைந்து அதே ஷூவைக் கண்டுபிடித்தார். அவருடைய அளவில் இல்லை. அரை அளவு சின்னதாக ஒரு ஜோடி இருந்தது.

"கடிக்கும் சார்" என்றார் கடைக்காரர்.

"ஓட ஓட விட்டுக்கொடுக்கும்" என்று வாங்கி வந்தார்.

ஷூ விட்டுக்கொடுக்கவில்லை. கட்டைவிரல் நகம்தான் விட்டுக்கொடுத்தது.

"என்ன நகம் இப்படிக் கறுத்திருக்கு?" என்றாள் மனைவி.

"ஓடறவனுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும்."

"தங்கச்சி வீட்டுக்காரருக்கு அப்படி இல்லையே."

"அவன் கால் விரலை நீ எப்பப் பார்த்தே?"

"செருப்பு போட்டுக்கிட்டு வந்தார், பார்த்தேன். இதுக்கெல்லாமா கேள்வி கேப்பாங்க?"

அன்று சாயங்காலம் காலுறையைக் கழற்றியபோது நகம் காலுறையோடே போய்விட்டது. பத்து நாள் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். அந்தப் பத்து நாளும் செல்போனில் சிவப்புக் கோடு நீண்டுகொண்டே போனது. பன்னிரண்டு கிலோமீட்டர். பதினாறு. மறுபடியும் பதினாறு. பார்க்கக்கூடாது என்று செல்போனைக் கவிழ்த்து வைப்பார். கவிழ்த்து வைத்தால் இன்னும் அதிகம் ஓடியிருப்பானோ என்று நிமிர்த்திப் பார்ப்பார்.

இந்தக் கவிழ்ப்பிலும் நிமிர்ப்பிலும் லேபிலிருந்து இரண்டு பேருடைய செட் இடம் மாறிப் போய்விட்டது. பல் டாக்டர் போனில் கத்தினார்: "மேல் செட் ஒருத்தருது, கீழ் செட் இன்னொருத்தருது! பேஷன்ட் ஒரு மணி நேரமா வாயை மூட முடியாம உக்காந்திருக்கார். எல்லாரும் அவர் ஏதோ ஆச்சரியப்படறார்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க!"

இப்படியே போனால் சரிப்படாது. எதிரியின் ரகசியம் தெரிந்தாக வேண்டும்.

மாமியார் ஒரு வாரம் சின்ன மகள் வீட்டில் தங்கிவிட்டு வரக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெரிய மாப்பிள்ளை அவருடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு வாசல் வரை போனார்.

"அத்தை, ஒண்ணுமில்ல. அவன் காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கான், என்ன குடிக்கிறான், என்ன சாப்பிடறான்னு சும்மா கொஞ்சம் பார்த்துட்டு வாங்களேன்."

"எதுக்கு?"

"ஒரு அக்கறைதான்."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு அக்கறையை அவர் கண்டதில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "பீட்ரூட் சாறு. ஓடறதுக்கு முன்னாடி ஒரு பெரிய டம்ளர். அதுதான் விஷயம்."

பெரிய மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றி அத்தை. அவனுக்கு ஒண்ணும் தெரியாதே?"

"தெரியாம எப்படி? நான்தான் சொன்னேனே. உங்க சகலை எந்நேரமும் உங்களைப் பத்தித்தான் விசாரிக்கிறார், இந்த வருஷம் உங்களை ஜெயிச்சே தீரணும்னு நகம் விழற அளவுக்கு ஓடறார்னு. பாவம், சின்ன மாப்பிள்ளைக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"கலங்கி?"

"மறுநாள்லேர்ந்து ஒரு மணி நேரம் முன்னாடியே எழுந்து ஓட ஆரம்பிச்சுட்டார்."

பெரிய மாப்பிள்ளை கையில் வாங்கியிருந்த மாமியாரின் பையை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனார்.

மூன்று நாள் யோசித்ததில் போன வருஷத் தோல்விக்குக் காரணம் பிடிபட்டது. காட்டுக்குள் சகலை எங்கே இருக்கிறான் என்றே அப்போது இவருக்குத் தெரியவில்லை. பின்னால்தான் வருவான் என்று மெத்தனமாக நடந்துவிட்டார். அவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான். மரத்துக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?

கடைக்குப் போய், கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ஓட்டக்காரர்கள் போடும் சட்டை ஒன்று வாங்கி, பரிசுக் காகிதம் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை சகலையின் கையில் கொடுத்தார்.

"எனக்காண்ணா?" சகலை அந்த இடத்திலேயே அதைப் போட்டுப் பார்த்தான். அறை முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் அடித்தது.

"நீங்க இவ்ளோ நல்லவரா?" என்றாள் மனைவி. அவள் குரல் தழுதழுத்தது. இவருக்கே ஒரு கணம் அப்படித்தானோ என்று தோன்றிவிட்டது.

"சின்ன மாப்பிள்ளை நிறத்துக்கு எது போட்டாலும் எடுக்கும்" என்றார் மாமியார்.

சகலை இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அண்ணா, இந்தச் சட்டைக்காகவாவது நான் உயிரைக் குடுத்து ஓடணும்."

"அவ்ளோல்லாம் வேண்டாம்ப்பா" என்றார் இவர், மனதார.

போட்டி நாள். காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்தில் எழுபது பேர் கூடியிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை முன்வரிசையில் பளீரென்று தெரிந்தது. பெரிய மாப்பிள்ளை திருப்தியோடு தலையாட்டிக்கொண்டார். சகலை ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு குடிக்கிறவன் என்பதால், இவர் மூன்று டம்ளர் குடித்துவிட்டு வந்திருந்தார்.

விசில் ஊதினார்கள். முதல் மூன்று கிலோமீட்டர் கூட்டத்தோடு கூட்டமாகப் போனார். நாலாவது கிலோமீட்டரில் ஒற்றையடிப் பாதை காட்டுக்குள் நுழைந்தது. அதே சமயம் மூன்று டம்ளரும் ஒன்றாகச் சேர்ந்து கலகம் செய்தன.

ஒரு பெரிய புதரைத் தேர்ந்தெடுத்து உள்ளே பாய்ந்தார்.

கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே காலடிச் சத்தங்கள் கேட்டன. முதலில் எண்ணினார். ஒன்பது, பத்து, பதினொன்று. அப்புறம் எண்ணுகிற நிலைமையில் அவர் இல்லை. வெளியே வந்தபோது காடு அமைதியாக இருந்தது. முன்னால் யாரும் தெரியவில்லை. எல்லாம் போய்விட்டது என்று மனம் சோர்ந்து திரும்பிப் பார்த்தார்.

கீழே, பாதை வளைகிற இடத்தில், மரங்களுக்கு நடுவே ஆரஞ்சு தெரிந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. உயரமான உருவம், தலையில் தொப்பி, கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு.

"பீட்ரூட் உன்னையும் விடலியா சகலை!" என்று உரக்கவே சொன்னார். உடம்பில் புது ரத்தம் ஓடியது. கிளம்பினார்.

எட்டாவது கிலோமீட்டரில் தண்ணீர்ப் பந்தல். இரண்டு பேர் அவரைக் கண்டதும் எழுந்து கைதட்டினார்கள்.

"வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்!"

பெரிய மாப்பிள்ளைக்குக் கூச்சமாகிவிட்டது. ஆறு வருஷத்தில் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. "எனக்காகவா?"

"பின்னே? குடிங்க, குடிங்க."

"பின்னால ஒருத்தன் வரான். அவனை நல்லா உக்காரவச்சு, நிதானமா குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பாதித் தண்ணீரை வழியிலேயே சிந்திக்கொண்டு ஓடினார்.

ஆனால் ஆரஞ்சு விடவில்லை. மேட்டில் ஏறித் திரும்பினால் கீழே ஆரஞ்சு. ஓடையைத் தாண்டித் திரும்பினால் அக்கரையில் ஆரஞ்சு. இவர் ஓடினால் அதுவும் ஓடியது. இவர் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தால் அதுவும் நடந்தது. பதினான்காவது கிலோமீட்டரில் ஷூ நாடாவை இறுக்க உட்கார்ந்தார். தூரத்தில் ஆரஞ்சும் ஒரு பாறையில் உட்கார்ந்தது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சகலை வேண்டுமென்றே பின்னால் வருகிறான். இவரை முன்னால் விட்டுக் களைப்பாக்கி, கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஒரே பாய்ச்சலாகத் தாண்டிப் போய், கோட்டில் நின்று கையை நீட்டப் போகிறான். அதே சிரிப்பு. அதே ‘வாங்கண்ணா.’

"மெத்தை வியாபாரி புத்தி!" என்று பல்லைக் கடித்தார். தொழில் தெரிந்தவர் என்பதால் எந்தப் பல் எந்தப் பல்லோடு உரசுகிறது என்பதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஆரஞ்சு உருவம் ஐம்பதடி நூறடிக்கு ஒரு தடவை நின்று, ஏதாவது ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டது. மூச்சு வாங்குகிறான்! மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்! அதைப் பார்க்கப் பார்க்க இவருக்குக் கால்வலி குறைந்தது. இருபதாவது கிலோமீட்டரில், மலை உச்சியில் ஏறி நின்றபோது சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்:

"வாடா மெத்தைக்காரா! முடிஞ்சா வந்து பிடி பார்க்கலாம்!"

கீழேயிருந்து ஆரஞ்சு இரண்டு கையையும் தூக்கி உற்சாகமாக ஆட்டியது. ஏதோ பதிலும் சொன்னது. காற்றில் கேட்கவில்லை.

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கையை ஆட்டுகிறான்! இவரை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை! பெரிய மாப்பிள்ளை இறக்கத்தில் பாய்ந்தார்.

அதற்குப் பிறகு ஓடியதை ஓட்டம் என்று சொல்வதா வேறென்ன சொல்வதா என்று தெரியவில்லை. இருபத்துமூன்றாவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மாமியார் முகத்தை நினைத்தார், கால் விட்டது. இருபத்தாறில் ஒரு வேர் தடுக்கி, முழங்கையும் முகவாயும் தரையில் பட விழுந்தார். எழுந்திருக்கும்போதே திரும்பிப் பார்த்தார். ஆரஞ்சு இவரை நோக்கி வேகமாக ஓடி வந்துகொண்டிருந்தது. விழுந்ததைப் பார்த்துவிட்டான், இதுதான் சமயம் என்று வருகிறான்! மண்ணைக்கூடத் தட்டாமல் ஓடினார்.

மைதானம் தெரிந்தது. கோடு தெரிந்தது. ஒரு மேஜை, ஒரு குடை, குடைக்குக் கீழே கடிகாரத்தோடு ஒரு பெரியவர். பெரிய மாப்பிள்ளை கோட்டைத் தாண்டி, மேஜையைத் தாண்டி, குடையையும் தாண்டிப் போய்த்தான் நின்றார்.

"அஞ்சு மணி இருபத்தொன்பது நிமிஷம்" என்றார் கடிகாரக்காரர்.

போன வருஷத்தைவிட இருபத்திரண்டு நிமிஷம் குறைவு. அதுவும் புதருக்குள் போன கால் மணி நேரத்தையும் சேர்த்து. சகலையின் ஐந்து நாற்பத்து மூன்று இனிமேல் தூசு. பெரிய மாப்பிள்ளை புல்லில் உட்கார்ந்து அழுதார். சுற்றிலும் அதிகக் கூட்டமில்லை. தூரத்துப் பந்தலில் யாரோ நாலைந்து பேர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் வரப்போகிறவர்களுக்காக இடம் ஒழுங்கு செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"ஜெயிச்சுட்டேன்!"

"யாரை?"

"யாரையா? உன் தங்கச்சி புருஷனைத்தான்! காடு முழுக்க என் பின்னாலயே வந்தான், கடைசி வரைக்கும் பிடிக்க முடியல. அத்தை பக்கத்துல இருக்காங்களா? ஸ்பீக்கர்ல போடு."

"என்னங்க சொல்றீங்க? அவர் இப்பத்தான்..."

"நீ ஒண்ணும் சொல்லாதே. அவன்கிட்ட யாரும் எதுவும் கேக்கக்கூடாது. மனசு உடைஞ்சு போயிருப்பான். வச்சுடறேன், அதோ வந்துட்டான்."

மரங்களை விட்டு ஆரஞ்சு வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பெரிய மாப்பிள்ளைக்குச் சகலைமேல் பாசம் பொங்கியது. நல்ல பையன்தான். கடினமாக உழைக்கிறவன். என்ன, கொஞ்சம் அதிகமாக ஆசைப்பட்டுவிட்டான். நொண்டிக்கொண்டே எதிரே போனார். உச்சி வெயிலில் கண் கூசியது. கண்ணை இடுக்கிக்கொண்டு, கையை நீட்டி, தோளைத் தட்டினார்.

"பரவாயில்ல சகலை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"சார்?" என்றது ஒரு பெண் குரல்.

தொப்பியைக் கழற்றியவளுக்கு முப்பது வயதிருக்கும். நல்ல உயரம். முகமெல்லாம் வியர்வை, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. தோளில் ஒரு பை உப்பித் தொங்கியது.

பெரிய மாப்பிள்ளை வெடுக்கென்று கையை எடுத்தார். "மன்னிச்சுக்கம்மா. நான் வேற ஆளுன்னு... எனக்குப் பின்னால வந்தது நீங்களா? எங்கேருந்து?"

"நீங்க புதருக்குள்ள போனீங்களே, அங்கேருந்து."

"அப்ப அந்த மலை உச்சியில நான் மெத்தைக்காரான்னு கத்தினது..."

"எனக்கு எதுவும் புரியல சார். ஆனா உற்சாகமா இருக்கீங்கன்னு தெரிஞ்சுது. பார்த்து இறங்குங்கன்னு நானும் கத்தினேன். விழுந்தீங்களே, அடி ஒண்ணும் இல்லையே?"

"அதை விடுங்க. இதே மாதிரி ஆரஞ்சு சட்டை, உங்களை மாதிரியே உயரமா ஒருத்தர். அவர் உங்களுக்குப் பின்னாலதானே வர்றார்?"

"அவரா? அவர் பத்தே முக்காலுக்கே முடிச்சுட்டார்னு வாக்கி டாக்கில சொன்னாங்களே. சகலை இன்னும் வரலையேன்னு எல்லாரையும் விசாரிச்சுக்கிட்டு இருந்தாராம். ஒருவேளை நேரா வீட்டுக்குப் போயிருப்பாரோன்னு பார்க்கக் கிளம்பிட்டாராம்."

பெரிய மாப்பிள்ளை அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பத்தே முக்கால் என்றால் நாலே முக்கால் மணி நேரம். கணக்கு மனதில் தானாக ஓடியது; நிறுத்த முடியவில்லை. முகவாயில் ஒட்டியிருந்த மண்ணை மெதுவாகத் துடைத்தார். பிறகு, மிச்சமிருந்த மானத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி, போகட்டும். உங்களையாவது ஜெயிச்சேனே. நீங்களும் நல்லாத்தான் ஓடினீங்க. உங்களுக்கு எத்தனையாவது இடம்?"

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"நான் போட்டியிலயே இல்ல சார், வழிகாட்ட மரத்துல கட்டின ரிப்பனை எல்லாம் அவுத்துக்கிட்டே கடைசி ஆளைப் பத்திரமா கொண்டுவந்து சேர்க்கறதுதான் என் வேலை, ஆனா ஏழு வருஷத்துல என்னை இப்படி நாக்குத் தள்ள ஓடவச்ச கடைசி ஆள் நீங்கதான்!"